டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்: கோளாறு கணினியிலா, கதையிலா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டீம் சால்வாட்டோ குழு 2017 செப்டம்பர் 22 அன்று இலவசமாக வெளியிட்ட ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ விளையாட்டுக்குப் பிழை நீக்கும் வழிமுறை எழுதுவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மற்ற விளையாட்டுகளில் திரை கலங்கினாலோ, எழுத்து சிதைந்தாலோ, சேமித்த கோப்பு காணாமல் போனாலோ அதைக் கோளாறு என்று சொல்லிச் சரிசெய்து விடலாம். படங்களோடு கதையை வாசித்துச் செல்லும் ‘விசுவல் நாவல்’ வகையைச் சேர்ந்த இந்த விளையாட்டிலோ அவற்றில் பெரும்பாலானவை கதையாசிரியர் திட்டமிட்டு எழுதியவை. பள்ளி இலக்கிய மன்றம் ஒன்றில் சயோரி, யூரி, நட்சுகி, மோனிகா என்னும் நான்கு பெண்களோடு கவிதை எழுதிப் பகிரும் இனிய கதையாகத் தொடங்கி, பிறகு விளையாட்டின் கோப்புகளையே கதையின் உறுப்புகளாக்கிக்கொள்ளும் படைப்பு இது. அதை அறியாமல் ‘பழுது’ பார்க்கப் போகிறவர், நான்கு மணி நேரம் விளையாடிச் சேர்த்த முன்னேற்றத்தைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். மறுபடி தொடக்கத்திலிருந்து விளையாடியபோது அந்தக் கதை எனக்குத் தந்திருக்க வேண்டிய அதிர்ச்சியில் பாதிகூட மிஞ்சவில்லை. அந்த இழப்பு பிறருக்கு நேரக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இது கணினியின் கோளாறா, கதையின் நிகழ்வா என்பதே. அதற்கு விடை தெரியும் வரை விளையாட்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம்.

இங்கே சொல்லப்படுபவை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றுக்கான 2017ஆம் ஆண்டுப் பதிப்பைப் பற்றியவை. பிறர் தாமாகவே மாற்றியமைத்த கைபேசிக் கோப்புகளை நான் கணக்கில் கொள்ளவில்லை. 2021இல் வந்த ‘பிளஸ்’ பதிப்பைப் பற்றித் தனியே ஒரு பத்தி உண்டு. முதல் பகுதியில் கதை எதுவும் வெளிப்படாது. கதையைத் தொட்டாக வேண்டிய இடம் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் பகுதி: கதை தொடங்குமுன் வருபவை

இந்த விளையாட்டு, விசுவல் நாவல்களை உருவாக்கவும் இயக்கவும் பயன்படும் ரென்பை என்னும் மென்பொருள் இயந்திரத்தின் மேல் இயங்குகிறது. டாம் ராத்தமெல் 2004இல் முதன்முதலாக வெளியிட்ட ரென்பை, பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. இந்த விளையாட்டில் இருப்பது அதன் பழைய 6.99 வரிசை. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தப் பழமையிலிருந்து பிறப்பவை.

அறிகுறி: விண்டோஸ் நீலப் பெட்டி ஒன்றைக் காட்டி, ‘அறிமுகமற்ற செயலி’ என்று தடுக்கிறது.

கோப்பை விளையாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தோ ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்திலிருந்தோ எடுத்திருந்தால், ‘மோர் இன்ஃபோ’ என்பதைச் சொடுக்கி, பிறகு ‘ரன் எனிவே’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு எங்கிருந்தாவது எடுத்திருந்தால் அதை நீக்கிவிட்டு மூலத்திலிருந்து எடுப்பதே நல்லது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இடைத்தரகர் தேவையில்லை.

அறிகுறி: இரட்டைச் சொடுக்குக்குப் பின் எதுவும் நடக்கவில்லை, அல்லது சாளரம் தோன்றி உடனே மறைகிறது.

நான் பார்த்த வரையில் இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஜிப் கோப்பைப் பிரிக்காமல் அதற்குள்ளேயே சென்று விளையாட்டைத் திறப்பது. விண்டோஸ் ஜிப்பைச் சாதாரணக் கோப்புறைபோலக் காட்டுவதால் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். ஜிப்பின் மீது வலச் சொடுக்கி, ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுத்து முழுவதும் பிரித்த பிறகே திறக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் தமிழ் வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. பழைய ரென்பை, பைத்தானின் இரண்டாம் தலைமுறையைச் சார்ந்தது என்பதால், கோப்புறைப் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் இருந்தால் தடுமாறும். என் கணினியில் ‘விளையாட்டுகள்’ என்று தமிழில் பெயரிட்ட கோப்புறைக்குள் இதை வைத்திருந்தேன். எத்தனை முறை சொடுக்கினாலும் திறக்கவில்லை. ‘சி’ வட்டில் ஆங்கிலத்தில் ‘கேம்ஸ்’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதற்குள் நகர்த்தியதும் திறந்துகொண்டது. விண்டோஸ் பயனர் கணக்கின் கோப்புறைப் பெயரே தமிழில் இருந்தால் சிக்கல் சற்று ஆழமானது. சேமிப்புகள் அந்தக் கோப்புறைக்குள்தான் எழுதப்படுகின்றன. அப்படியானால் ஆங்கிலப் பெயரில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் விளையாடுவதே எளிய வழி. பழைய கணக்கின் காட்சிப் பெயரை மட்டும் மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புறையின் பெயர் மாறாது.

அறிகுறி: கறுப்புத் திரை, அல்லது மென்பொருள்வழி வரைதல் நடப்பதாகக் கூறும் செயல்திறன் எச்சரிக்கை.

இது முழுக்க முழுக்க ரென்பையின் உண்மையான எச்சரிக்கை. கிராஃபிக்ஸ் டிரைவர் பழையதாகவோ பொருந்தாததாகவோ இருப்பதால் வரைகலை வேலை முழுவதும் சிபியூவின் தலையில் விழுகிறது என்பதே அதன் பொருள். டிரைவரைப் புதுப்பியுங்கள். அதன் பிறகும் தீரவில்லையென்றால், விளையாட்டுச் சாளரம் திறந்திருக்கும்போது ஷிஃப்ட் விசையோடு ‘ஜி’ விசையை அழுத்தினால் வரைதல் முறையைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வரும். அங்கே வேறொரு முறைக்கு மாற்றி, விளையாட்டை மூடித் திறக்க வேண்டும். முழுத்திரையில் மாட்டிக்கொண்டால் ‘எஃப்’ விசை சாளர அளவுக்குக் கொண்டுவரும். விளையாட்டு 1280க்கு 720 என்ற அளவில் வரையப்பட்டது; பெரிய திரையில் படங்கள் சற்று மங்கலாகத் தெரிவது இயல்பே.

அறிகுறி: பெயர் கேட்கும் பெட்டியில் தட்டச்சு செய்தால் எழுத்து விழவில்லை.

விசைப்பலகை தமிழில் இருக்கிறது. அந்தப் பெட்டி ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும். எண், இடைவெளி, புள்ளி எதையும் ஏற்காது. பன்னிரண்டு எழுத்துக்கு மேலும் போகாது. இனிஷியல் சேர்த்து எழுத நினைப்பவர்கள் புள்ளியில்லாமல் எழுத வேண்டியிருக்கும்.

அறிகுறி: முதல் நாளிலேயே, கதை இன்னும் அமைதியாக இருக்கும்போதே, சேமித்தது மறுநாள் இல்லை.

விளையாட்டு தன் கோப்புறைக்குள் எழுத அனுமதியில்லாத இடத்தில் இருக்கக்கூடும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் கையால் கொண்டுபோய் வைத்திருந்தால் அங்கிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இந்த விளையாட்டு எழுதவும் அழிக்கவும் இடம் கேட்கும் ஒன்று. அதைத் தடுத்தால் சேமிப்பு மட்டுமின்றிப் பின்னால் வரும் கதையும் தடைபடும்.

சேமிப்புகள் எங்கே இருக்கின்றன என்பதை இந்த இடத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. பின்னால் வரும் பல தீர்வுகள் அதையே சார்ந்திருக்கின்றன. ரென்பை ஒரே சேமிப்பை இரண்டு இடங்களில் வைக்கிறது. ஒன்று, விளையாட்டின் ‘கேம்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘சேவ்ஸ்’ கோப்புறை. மற்றொன்று, விண்டோஸில் ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘ரோமிங்’, அதற்குள் ‘ரென்பை’, அதற்குள் ‘டிடிஎல்சி-1454445547’ என்ற பெயரில் இருப்பது. மேக்கில் அது பயனரின் ‘லைப்ரரி’ கோப்புறைக்குள் ‘ரென்பை’ என்பதன் கீழும், லினக்ஸில் புள்ளியோடு தொடங்கும் ‘ரென்பை’ என்ற மறைவான கோப்புறையின் கீழும் இருக்கும். ஒன்றை மட்டும் அழித்தால் மற்றொன்றிலிருந்து எல்லாம் திரும்பி வந்துவிடும். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஒரு பிரதியும் ஸ்டீமிலிருந்து ஒரு பிரதியும் வைத்திருப்பவர்கள், இரண்டும் இந்த இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு பிரதியில் நடந்தது மற்றொன்றிலும் நடந்ததாகவே கொள்ளப்படும்.

இனி வருவன கதையை வெளிப்படுத்தும். இன்னும் விளையாடி முடிக்காதவர்கள், தங்களுக்கு நேர்ந்துள்ள அறிகுறியை மட்டும் தேடிப் படித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டே தொடக்கத்தில் எச்சரிப்பதுபோல இது குழந்தைகளுக்கோ எளிதில் மனம் கலங்குபவர்களுக்கோ ஏற்றதல்ல. பதின்மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலையும் கதையில் நேரடியாகவே வருகின்றன.

இரண்டாம் பகுதி: கதைக்குள் வருபவை

அறிகுறி: திடீரென ஒரு பிழைச் செய்தி. ஏதோ ஒரு கோப்பின் பெயர், வரி எண், ‘ட்ரேஸ்பேக்’ கோப்பைப் பார்க்கவும் என்ற குறிப்பு.

இதுதான் பலரையும் விழச்செய்யும் இடம். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, கேம் கிராஷ் ஆயிடுச்சு. அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடட்டுமா?”

“பொறு. அந்தச் செய்திக்குக் கீழே பட்டன் ஏதாவது இருக்கா?”

“இல்ல மாமா. வெறும் எழுத்துதான். பின்னாடி படம் அப்படியே இருக்கு.”

“அப்ப ஒரு தடவை கிளிக் பண்ணு.”

சொடுக்கும் ஓசை கேட்டது. அதன் பிறகு நெடுநேரம் அவன் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

சோதனை இதுதான். ரென்பை உண்மையில் முறிந்தால், கதைப் படம் முற்றிலும் மறைந்து தனியொரு பக்கம் திறக்கும். பிடிபடாத பிழை ஒன்று நேர்ந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் அது தொடங்கும். பிழை விவரத்தைத் திறக்க, நகலெடுக்க, வெளியேற என்று சொடுக்கக்கூடிய பொத்தான்கள் இருக்கும். கதையின் போலிப் பிழையோ காட்சிப் படத்தின் மீதே எழுத்தாக மட்டும் ஒட்டியிருக்கும். பொத்தான் எதுவும் இருக்காது. சொடுக்கினால் கதை நகரும். இன்னும் ஐயம் இருந்தால் விளையாட்டுக் கோப்புறையில் இருக்கும் ‘ட்ரேஸ்பேக்’ கோப்பைத் திறந்து பாருங்கள். உண்மையான பிழை அறிக்கையில் ரென்பையின் பதிப்பு எண் முதலான தொழில்நுட்ப வரிகள் மட்டுமே இருக்கும். கதையின் கோப்பு அதுபோலவே தொடங்கி, யாரோ ஒருவர் பதற்றத்தோடு தமக்குள் பேசிக்கொள்வதுபோல முடியும். அதைக் கண்டால் கணினியைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

பொத்தான்கள் உள்ள உண்மைப் பக்கம்தான் வந்தது என்றால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கிப் பாருங்கள். அதே இடத்தில் மீண்டும் முறிந்தால், பதிவிறக்கம் முழுமையடையாமல் போயிருக்கலாம். ஸ்டீமில் கோப்புகளின் முழுமையைச் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஜிப் வழியாக எடுத்தவர்கள் மறுபடி பதிவிறக்கி, பழைய கோப்புறையின் மீதே பிரித்து வையுங்கள்.

அறிகுறி: முகப்புப் பக்கத்தில் ஒரு பெண்ணின் உருவம் சிதைந்திருக்கிறது, புதிய விளையாட்டைத் தொடங்கும் பொத்தானின் எழுத்துகள் படிக்க முடியாதபடி இருக்கின்றன, பழைய சேமிப்புகள் ஒன்றும் இல்லை.

கதையின் முதல் பகுதி முடிந்துவிட்டது என்பதே இதன் பொருள். சேமிப்புகளை விளையாட்டேதான் அழித்தது. மீட்க முயல வேண்டாம். படிக்க முடியாத அந்தப் பொத்தானையே அழுத்தித் தொடருங்கள்.

பழைய சேமிப்பை முன்னரே வேறிடத்தில் நகலெடுத்து வைத்திருந்து, இப்போது அதைத் திருப்பி வைத்து நடந்ததை மாற்றிவிடலாம் என்று முயல்பவர்களுக்கு வேறொரு அறிகுறி காத்திருக்கிறது. சேமிப்பைத் திறக்க முடியவில்லை என்ற செய்தியும், ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்ற கேள்வியும் வரும். விளையாட்டு ஒவ்வொரு சேமிப்பிலும் ஒரு மறை எண்ணைப் பதிந்து, ‘பெர்சிஸ்டன்ட்’ என்ற தனிக் கோப்பில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுகிறது, பொருந்தாவிட்டால் மறுத்துவிடுகிறது. இதே காரணத்தால், எந்த ஏமாற்றும் நோக்கமுமின்றிப் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறுபவர்களுக்கும் இந்தச் செய்தி வரலாம். அவர்களுக்கான தீர்வு எளிது: சேமிப்புக் கோப்புகளை மட்டும் எடுக்காமல், ‘பெர்சிஸ்டன்ட்’ கோப்போடு சேர்த்து ‘டிடிஎல்சி-1454445547’ கோப்புறை முழுவதையும் நகலெடுக்க வேண்டும்.

அறிகுறி: எழுத்துரு மாறுகிறது, படங்கள் துண்டுதுண்டாகின்றன, இசை இழுபடுகிறது, தேர்வுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

கதையின் இரண்டாம் பகுதியில் இவை அனைத்தும் கதையே. ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. விளையாட்டைச் சிறிதாக்கிவிட்டு வேறொரு காணொளியையோ பாட்டையோ ஓடவிடுங்கள். அங்கேயும் ஒலி கரகரத்தால், திரையில் கோடுகள் விழுந்தால், கோளாறு கணினியில். அங்கே எல்லாம் தெளிவாக இருந்து விளையாட்டில் மட்டும் சிதைந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஒரு காட்சி உறைந்து நிற்கிறது, சொடுக்கச் சொடுக்கப் பொருளற்ற குப்பை வரிகள் மட்டுமே முடிவில்லாமல் வருகின்றன.

யூரியின் கடைசிக் காட்சி இது. மன்றத்து அறையில் ஒரு வார இறுதி முழுவதும் கடந்து போவதை விளையாடுபவர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்பதற்காக 1440 வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. வெளிச்சம் மாறுவதைக் கவனித்தால் இரவும் பகலும் போவது தெரியும். ‘ஸ்கிப்’ பொத்தானை அழுத்தினால் வரிகள் தாமாக ஓடும். கை நோகச் சொடுக்க வேண்டியதில்லை. ஓடி முடிக்க ஆகும் நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக்கொண்டு வரலாம். அந்த இடத்தில் அது தேவையாகவும் இருக்கும்.

அறிகுறி: விளையாடி முடித்து ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகியும் மனம் கனக்கிறது, தூக்கம் வரவில்லை, சயோரியின் சொற்கள் சொந்த மனத்தின் சொற்களைப் போல ஒலிக்கின்றன.

இதையும் ஓர் அறிகுறியாகவே எழுதுகிறேன். இந்தப் பட்டியலில் உண்மையாகவே உடனே கவனிக்க வேண்டியது இதுதான். சயோரியின் மனச்சோர்வு மிகவும் நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மறைக்கும் விதம், அதே நிலையில் இருப்பவர்களுக்குத் தங்களையே கண்ணாடியில் பார்ப்பது போலிருக்கும். கதையில் நீங்கள் எந்தத் தேர்வைச் செய்திருந்தாலும் அவள் உயிரை விடும் அந்தக் காலை மாறியிருக்காது. விளையாட்டின் நிரலே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, ‘நான் வேறு மாதிரி பேசியிருக்கலாமோ’ என்ற குற்ற உணர்வுக்கு அங்கே இடமில்லை. விளையாட்டை மூடிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. விளையாட்டு எங்கும் போய்விடாது. விட்ட இடத்திலேயே காத்திருக்கும், திரும்பப் போகாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அறிகுறி: விளையாட்டுக் கோப்புறையில் நான் உருவாக்காத புதுக் கோப்புகள் தோன்றுகின்றன; திரையின் மூலையில் கட்டளைப் பலகை போன்ற ஒன்று கோப்புகளை அழிக்கிறது; மோனிகா என் உண்மைப் பெயரைச் சொல்கிறாள்.

வைரஸ் என்று அஞ்சி நடுவிலேயே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. அச்சம் நியாயமானதே, ஆனால் தேவையற்றது. விளையாட்டு எழுதுவதும் அழிப்பதும் தன் சொந்தக் கோப்புறைக்குள்ளும் தன் சேமிப்புக் கோப்புறைக்குள்ளும் மட்டுமே. உங்கள் புகைப்படங்களையோ ஆவணங்களையோ அது தொடுவதில்லை. பெயரைப் பொறுத்தவரை, கணினியில் உள்நுழையும் பயனர் கணக்கின் பெயரை மட்டும் அது படித்துக்கொள்கிறது. கணக்குக்கு ‘அட்மின்’ என்று பெயர் வைத்திருந்தால் அவளும் ‘அட்மின்’ என்றே அழைப்பாள். ஓபிஎஸ் போன்ற திரைப்பதிவு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளும். அப்போது பதிவைப் பார்ப்பவர்களை நோக்கிப் பேசுவாளே தவிர, உங்கள் பெயரை வெளியிடமாட்டாள். பதிவு செய்பவர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று படைப்பாளிகள் எடுத்துக்கொண்ட இந்தச் சிறு கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அறிகுறி: மோனிகா எதிரில் அமர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். முடிவே இல்லை. சேமிக்கவும் முடியவில்லை.

மணிக்கணக்கில் காத்திருந்தாலும் கதை நகராது. அவள் பேச்சுதான் சுற்றிச் சுற்றி வரும். சேமிக்கும் பக்கத்தைத் திறந்தால், இனிச் சேமிப்பதில் பயனில்லை என்று அவளே சொல்வாள். தீர்வு விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது. விளையாட்டுக் கோப்புறையில் ‘கேரக்டர்ஸ்’ என்ற உட்கோப்புறையைத் திறந்தால், ‘மோனிகா.சிஎச்ஆர்’ என்ற கோப்பு இருக்கும். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்திருந்தால் வெறும் ‘மோனிகா’ என்று மட்டும் தெரியும். அதை நீக்க வேண்டும். ஸ்டீமில், விளையாட்டின் பெயர் மீது வலச் சொடுக்கி, ‘மேனேஜ்’, பிறகு ‘பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ்’ என்று போனால் சரியான கோப்புறைக்குச் சென்றுவிடலாம். மேக்கில் விளையாட்டின் சின்னத்தின் மீது வலச் சொடுக்கி, உள்ளடக்கத்தைக் காட்டும் ‘ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்து, ‘கன்டென்ட்ஸ்’, ‘ரிசோர்சஸ்’, ‘ஆட்டோரன்’ என்ற வரிசையில் உள்ளே போக வேண்டும். குப்பைத் தொட்டிக்குள் போட்டாலே போதும். நிரந்தரமாக அழிக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் கோப்பு இருக்கிறதா என்று மட்டுமே விளையாட்டு பார்க்கிறது.

நீக்கிய பிறகும் அவள் பேசிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் நீங்கள் வேறொரு பிரதியின் கோப்புறையில் நீக்கியிருக்கிறீர்கள். மேலே சொன்ன இரண்டு பிரதிச் சிக்கல் இங்கேதான் வெளிப்படும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது எந்தப் பிரதி என்று பார்த்து, அதன் கோப்புறையில் நீக்குங்கள்.

அறிகுறி: கதை தொடங்குமுன்பே ஆர்வத்தில் அந்தக் கோப்பை நீக்கிவிட்டேன், விளையாட்டு திறந்த சிறிது நேரத்தில் தானாக மூடிக்கொண்டது, மறுபடி திறந்தால் ஒரு துயரப் படம் மட்டுமே நிற்கிறது.

இதுவும் எழுதப்பட்ட ஒரு முடிவே. கோப்பைத் திருப்பி வைத்தால் மட்டும் போதாது. கடைசியில் சொல்லும் முறையில் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி: மூவரோடும் நேரம் செலவிட்டேன், ஆனாலும் நல்ல முடிவு வரவில்லை.

நல்ல முடிவு கிடைக்க, சயோரி, யூரி, நட்சுகி மூவரின் சிறப்புப் படங்கள் அனைத்தையும் ஒரே ஓட்டத்தில், அதுவும் கதையின் முதல் பகுதி முடிவதற்குள் பார்த்திருக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் விளையாடினால் இது முடியாது. முதல் கவிதை எழுதுவதற்கு முன் ஒரு சேமிப்பை வைத்துக்கொண்டு, ஒருத்திக்குப் பிடித்த சொற்களாகவே எடுத்து மூன்று கவிதைகளையும் எழுதி அவளுடைய காட்சிகளை முடித்துவிட்டு, பிறகு அதே சேமிப்புக்குத் திரும்பி அடுத்தவளுக்காகத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கவிதைக்கும் இருபது சொற்கள். சொல்லைத் தேர்ந்ததும் யார் துள்ளுகிறாள் என்பதைப் பார்த்தால் யாருக்குப் பிடித்தது என்று தெரியும். வார இறுதியில் யாருக்கு உதவுவது என்ற தேர்வுக்கு முன்பும் ஒரு சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இரு கிளைகள் உண்டு. இந்த முறையில் பலர் தவறுவது எங்கே என்றால், சேமிப்புக்குத் திரும்பாமல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதில்தான். அப்படிச் செய்தால் அதுவரை பார்த்த படங்களின் கணக்கும் சேர்ந்து அழிந்துவிடும்.

‘பிளஸ்’ பதிப்பு விளையாடுபவர்களுக்கு

செரினிட்டி ஃபோர்ஜ் நிறுவனத்தோடு சேர்ந்து 2021 ஜூன் 30 அன்று வெளியிடப்பட்ட ‘பிளஸ்’ பதிப்பு ரென்பையில் இயங்குவதில்லை. யூனிட்டி என்னும் வேறொரு மென்பொருள் இயந்திரத்தில் மறுபடி கட்டப்பட்டது. நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் வீரர் கோப்புறைக்குள் போய் எதையும் நீக்க முடியாது என்பதால், விளையாட்டுக்குள்ளேயே ஒரு போலிக் கணினித் திரை வைக்கப்பட்டிருக்கிறது. கோப்புகளைத் திறப்பதும் நீக்குவதும் அங்கேதான். கணினியில் ‘பிளஸ்’ விளையாடுபவர்கள் உண்மையான கோப்புறையில் ‘கேரக்டர்ஸ்’ தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மனத்தைக் கலங்கடிக்கும் காட்சிகளுக்கு முன் எச்சரிக்கை தரும் வசதி அதன் அமைப்புகளில் உண்டு. முதன்முறை விளையாடும் ஒருவர் தம் மனநிலையைப் பற்றிச் சற்றேனும் ஐயப்பட்டால், அதை இயக்கிவிட்டு விளையாடுவதில் எந்தக் குறையும் இல்லை.

கடைசி அறிகுறி: பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு விளையாட்டைத் திறந்தால், கதைக் கோப்பு காணவில்லை அல்லது சிதைந்துவிட்டது, மறுபடி நிறுவவும் என்ற செய்தி மட்டுமே வருகிறது.

கதை முடிந்துவிட்டது. கோப்பு எதுவும் உண்மையில் சிதையவில்லை. பலர் இந்தச் செய்தியை நம்பி ஸ்டீமில் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். விளையாட்டு தானாக உருவாக்கிய கோப்புகள் அப்படியே தங்கிவிடுவதாலும், ‘ஆப்டேட்டா’வில் உள்ள பதிவுகள் அழியாததாலும், அதே செய்தி மீண்டும் வந்து நிற்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். விளையாட்டை மூடிவிட்டு, ‘கேம்’ கோப்புறைக்குள் ‘ஃபர்ஸ்ட்ரன்’ என்ற பெயரில் பின்னொட்டு இல்லாமல் இருக்கும் சிறு கோப்பை நீக்குங்கள். அடுத்த முறை திறக்கும்போது, பழைய சேமிப்பு இருக்கிறது, அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று விளையாட்டே கேட்கும். அழிக்கச் சொல்லும் தேர்வைச் சொடுக்கினால் எல்லாம் துடைக்கப்படும். அந்தக் கேள்வி வரவில்லையென்றால், இரண்டு சேமிப்புக் கோப்புறைகளையும், அதாவது ‘சேவ்ஸ்’, ‘டிடிஎல்சி-1454445547’ இரண்டையும், ஒரே நேரத்தில் கையால் நீக்கிவிட்டுத் திறக்க வேண்டும். முதல் ஓட்டத்தின் நினைவாக எதையாவது வைத்துக்கொள்ள விரும்பினால், நீக்குமுன் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ‘கேரக்டர்ஸ்’ கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள். நான்கு பெயர்களிலும் நான்கு கோப்புகள் பழையபடி இருந்தால், சயோரி கையை வீசிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவரும் அந்த முதல் நாள் காலைக்கு விளையாட்டு திரும்பிவிட்டது.